படுதா எறக்குன மத்தியானம்

எம்மேல ஏதாச்சும் வாடை அடிக்குதுங்களா தம்பி? சும்மா சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன். இல்லீங்களா? செரி, அப்ப சித்த நவுந்து உக்காருங்க. திருப்பூர்ல பஸ் ஏறுனதுல இருந்து ரெண்டு பேரு பக்கத்துல உக்காந்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. எறங்கற எடம் வந்து போனாங்களோ, எம்பட வாடைக்குப் போனாங்களோ, யாரு கண்டா. வேப்பெலை போட்டுத் தண்ணி வாத்துட்டுத்தான் கெளம்பினேன். இருந்தாலும் தொழில் வாடைன்னு ஒண்ணு இருக்குது பாருங்க.

கோபிக்குத்தானுங்களா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போலாம்.

நம்முளுது பல்லடத்துக்குத் தெக்க. பேரு சென்னியப்பன். கறிக்கோழிப் பண்ணை, ரெண்டு ஷெட்டு. ஒரு தலைவலி இல்லாத தொழிலுங்க. குஞ்சு கம்பெனிக்காரன் கொண்டாந்து எறக்கிருவான். தீவனம் அவன் குடுத்துருவான். மருந்து அவன் குடுத்துருவான். நாம ஷெட்டும் கரண்டும் ஒடம்பும் குடுத்து வளத்தி உட்டா, அவனே வண்டி கொண்டாந்து ஏத்திட்டுப் போயிருவான். நமக்கு வளப்புக் கூலி. செத்துப்போச்சுன்னா மட்டும் அது நம்ம தலையில. மத்தபடி ஒரு கவலை கெடையாது.

அதென்னமோ இப்பெல்லாம் கோழிப் பண்ணைன்னாலே மூக்கைப் புடிக்கறாங்க. ஈ வருதும்பாங்க, கெணத்துத் தண்ணி கெட்டுப்போச்சும்பாங்க, கோழிக்கு எடம் பத்தலைம்பாங்க. ஏனுங்க, இந்த பஸ்ஸுல எடம் பத்துதுங்களா? ஒருத்தன் காலை ஒருத்தன் மிதிச்சுக்கிட்டு நிக்கலீங்களா? போய்ச் சேர்றமா இல்லியா? கோழிக்கு என்னங்க கொறை? முன்னாடி தீவனம், பக்கத்துல தண்ணி, தலைக்கு மேல ஃபேன். எங்கயும் நடந்து போகோணும்ங்கற வேலையே இல்லை. எனக்கு அப்படி ஒரு பொழைப்பு அமைஞ்சா வேண்டாம்பனா?

செரி, அதை உடுங்க. எம்பட வெசனம் வேற.

எனக்கு ஒரே பையன், நவநீதன். தங்கமான பையன். படிச்சவன், ஒரு பீடி சிகரெட்டுக் கெடையாது. ஆனா முப்பது தாண்டியும் பொண்ணு அமையலை. சாதகம் பொருந்தும், சம்பாத்தியம் பொருந்தும், போட்டோ புடிச்சுப் போகும். மாப்பிள்ளை ஊடு பாக்கறோம்னு பொண்ணு ஊட்டுக்காரங்க வந்து காரை உட்டு எறங்குவாங்க பாருங்க, அங்க நிக்கும் வெனை. ஊட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவுல ஒரு வேப்பமரந்தான். ஒரு அம்மா, பாவம், காப்பி டம்ளரை வாங்குனது வாங்குனபடி உள்ளங்கையால மூடிக்கிட்டே உக்காந்திருந்தாங்க. குடிக்கறதுக்காகக் கைய எடுத்தாங்க, ஒரு ஈ முந்திக்கிச்சு. போறப்ப, "கலந்துக்கிட்டுச் சொல்றோமுங்க"ன்னாங்க. அப்படின்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கு நான் சொல்லோணுமா? இப்பவும் கலந்துக்கிட்டுத்தான் இருக்காங்க போல.

தங்கமணி, எம்பட ஊட்டுக்காரி, ஒவ்வொரு தடவையும் அழுவா. ஷெட்டைப் பிரிச்சுப் போடுங்கம்பா. பையன் கல்யாணத்துக்காகத் தொழிலைப் பிரிப்பாங்களா? தொழில் இல்லாத பையனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்? கேட்டா அதுக்கும் அழுவா.

அப்பறந்தான் நான் ஒரு ரோசனை பண்ணுனேன். கேளுங்க. கோழி ஏத்திட்டுப் போயிட்டாங்கன்னா ஷெட்டு காலி. எருவை அள்ளி வித்துப்போட்டு, கழுவி, சுண்ணாம்பு அடிச்சு உட்டா, அடுத்த குஞ்சு வர்ற வரைக்கும் கல்யாண மண்டபமாட்டம் இருக்கும். வாடை இருக்காது, ஈ இருக்காது. எங்க ஊட்டு நல்லது கெட்டது பூராவும் அந்த எடவெளியிலதான். புது ஊட்டுக்குப் பால் காச்சுனது அப்பத்தான். தங்கமணி கண்ணு ஆப்பரேசன் அப்பத்தான். எங்கப்பன் கூட ஷெட்டு காலியானதைப் பாத்துட்டுத்தான் உசுரை உட்டாரு. நல்ல மனுசன், கடைசி வரைக்கும் ஒருத்தருக்கும் தொந்தரவு குடுக்கலை. அப்ப, பொண்ணு ஊட்டுக்காரங்களையும் அந்த எடவெளியிலயே வரச் சொன்னா என்ன? இத்தனை வருசம் இந்தப் புத்தி எங்க போச்சுன்னு எனக்கே ஆச்சரியமாப் போச்சுங்க.

அந்த நேரத்துக்குத்தான் தரகர் கோபிப் பக்கத்துச் சாதகம் ஒண்ணு கொண்டாந்தாரு. பொண்ணு பேரு இந்துமதி. அப்பா குழந்தைவேலு, பட்டுப்புழு வளக்கறவரு. வாய்க்காப் பாசனம், மல்பெரித் தோட்டம், நல்ல குடும்பம். ஒரே ஒரு சிக்கல். பட்டுப்புழுக்காரங்களுக்கு ஈன்னா எமனுங்க. ஒரு ஈ புழு ஊட்டுக்குள்ள போச்சுன்னா புழு மேல முட்டை வெச்சு, பூராத்தையும் கெடுத்துப்போடுமாம். கதவுக்கு வலை, ஜன்னலுக்கு வலை, வலைக்கு ஒரு வலை. அப்படிப்பட்ட மனுசனைத்தான் நான் கோழிப் பண்ணைக்குக் கூப்பிடோணும்.

அவரு ஒரு தேதி சொன்னாரு. கோழி இருக்கற நாளு. அஷ்டமிங்கன்னேன். இன்னொரு தேதி சொன்னாரு. அது எங்க ஊட்டுக்கு ஆகாதுங்கன்னேன். மூணாவதா ஒண்ணுக்கு என்ன காரணஞ் சொன்னேன்னு எனக்கே மறந்து போச்சு. கடைசியில நானே வைகாசியில ஒரு நாளைச் சொல்லி, இதை உட்டா இந்த வருசத்துல இப்படியொரு நாள் கெடையாதுங்கன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். கத்திரி வெய்யல்ல நல்ல காரியம் பேசலாமுங்களான்னு கேட்டாரு. பாக்கத்தானே வர்றீங்க, பாக்கறதுக்குக் கத்திரி இல்லீங்கன்னேன். மனுசனுக்கு வெகு சந்தோசம். நாள் கெழமைய இத்தனை தூரம் பாக்கற சம்பந்தி கெடைக்கறது குதிரைக் கொம்புன்னு தரகர்கிட்டச் சொல்லியிருக்காரு. அவருக்கென்ன தெரியும், நான் பாத்தது பஞ்சாங்கம் இல்லை, கம்பெனிக்காரன் கோழி ஏத்தற நாளுன்னு.

அந்தக் கம்பெனிக்காரன் பண்ணுனானே ஒரு காரியம். கோழி ஏத்த வேண்டிய நாளுக்குச் சூப்பர்வைசர் போன் பண்றான். ரேட்டு விழுந்துபோச்சுங்களாம், ஒரு வாரம் பத்து நாள் கோழி அப்படியே நிக்கட்டுமாம். பொண்ணு ஊட்டுக்காரங்ககிட்டத் தேதியை மாத்துங்கன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? இதை உட்டா நாளே இல்லைன்னவன் நாந்தானே.

ஏத்தாத கோழி நின்னா என்ன பண்ணும்? திங்கும். தின்னாச் சதை ஏறும். சதை ஏறுனா, கால் அதே கால்தானுங்களே. நெஞ்சு முன்னாடி தொங்க ரெண்டு எட்டு வெக்கும், உக்காந்துக்கும். பக்கத்துல கெடக்கறது மேலேயே சாஞ்சு கெடக்கும். நவநீதன் அதைப் பாத்துப் பாத்து மூஞ்சியத் தூக்கிட்டுத் திரிஞ்சான். பாவம்ப்பா, எந்திரிக்கக் கூட முடியலைப்பா அதுகளால, அப்படிம்பான். ஏன்டா, தின்னுப்போட்டு உக்காந்திருக்கறதுக்குப் பேரு பாவமாடா, அதுக்குப் பேரு யோகம்டான்னேன். பையன் கொஞ்சம் எளகுன மனசு, அவங்கம்மா மாதிரி.

செரி, வர்றவங்க வரத்தான் போறாங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சாகோணும். சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் மூட்டை மூட்டையாக் கொட்டுனேன். வேப்பெலைப் புகை போட்டேன். சாம்பிராணி. தண்ணி ரொப்புன பிளாஸ்டிக் பை வாசல்ல தொங்க உட்டா ஈ வராதும்பாங்க, அதையும் வரிசையாத் தொங்க உட்டேன். அதைப் பாத்துட்டுத் தங்கமணி, "பொண்ணு ஊட்டுக்காரங்க வர்றாங்களா, பேய் ஓட்ட வர்றாங்களா"ன்னா. இதெல்லாம் ஈக்கு. வாடைக்கு என்ன பண்றது?

அதுக்குத்தான் படுதா. ஷெட்டுக்கு ரெண்டு பக்கமும் கம்பி வலைதான் செவுரு. அதுக்கு மேல படுதாச் சுருட்டிக் கட்டியிருக்கும். குஞ்சா இருக்கறப்பக் குளுருக்கு எறக்கி உடுவோம், வளந்துட்டா சுருட்டிருவோம். எனக்குத் தோணுச்சு, வர்ற ஒறம்பரை சனம் சோறு திங்கற நேரத்துக்கு மட்டும் படுதாவ எறக்கி உட்டா, காத்து இந்தப் பக்கம் வராது, வாடையும் வராது. ஃபேன் வாடையத் தள்ளிக் கொண்டாந்து ஊட்டுக்குள்ள உடும், அதனால அதையும் சித்த நேரம் நிறுத்திப்போடலாம். எப்படி ரோசனை? அதோட, படுதா எறக்குனா வெளிய இருந்து பாக்கறவனுக்குப் பஞ்சு குடோனாட்டம் இருக்கும், கோழி இருக்கறதே தெரியாது.

நவநீதன் வேண்டாம்னான். இந்த வெய்யலுக்கு, இந்தக் கனத்துக்குச் செத்துப்போகும்ப்பான்னான். நான் சொன்னேன், ஒரு சோறு திங்கற நேரத்துல எவனாச்சும் சாவானாடா, உனக்குக் கல்யாணம் ஆகோணுமா வேண்டாமா? அவங்க வேன் ரோட்டுல திரும்பறதைப் பாத்துட்டு நானே போய் ரெண்டு ஷெட்டுலயும் கயித்தை அவுத்து எறக்கி உட்டு, ஃபேனையும் நிறுத்திட்டேன்.

வேன்ல இருந்து எறங்குறாங்க. குழந்தைவேலு, அவரு சம்சாரம், பெரியப்பா பெரியம்மா, தரகர். கடைசியா ஒரு புள்ளை எறங்குது, பச்சைப் பட்டுக் கட்டிக்கிட்டு. யாருன்னு பாத்தா, பொண்ணேதான். மாப்பிள்ளை ஊடு பாக்கப் பொண்ணே வர்ற வழக்கம் எங்க பக்கத்துல இல்லீங்க. நான் தரகரைப் பாத்தேன். அவரு வேப்பமரத்தைப் பாத்தாரு. குழந்தைவேலு, "அது வரோணும்னு சொல்லிருச்சுங்க, வாழப் போறது அதுதானுங்களே"ன்னாரு. என்ன பண்றது, வா அம்மிணின்னு கூப்பிட்டு உக்கார வெச்சோம்.

எல்லாம் அப்படியே அமைஞ்சுதுங்க. குழந்தைவேலு உள்ள வந்ததும் மோட்டுவளையப் பாத்தாரு, ஜன்னலைப் பாத்தாரு, காப்பியப் பாத்தாரு. ஈ ஒண்ணு இல்லை. பண்ணை ஊடுன்னே தெரியலீங்களேன்னு அசந்து போனாரு. தங்கமணி முந்தானைக்குள்ள கைய வெச்சு என்னைப் பாத்துக் கும்பிட்டா. அந்த அம்மிணி மட்டும், "பண்ணை எங்க மாமா இருக்குது?"ன்னு கேட்டுச்சு. அக்கட்டால இருக்குது அம்மிணி, மொதல்ல சாப்புடலாம்னு எலையப் போடச் சொல்லிட்டேன்.

வெள்ளாட்டுக் கறி, கோழிக் குழம்பு, ரசம், தயிரு. குழந்தைவேலு குழம்பை ருசி பாத்துட்டு, "நம்ம பண்ணைக் கோழிங்களா?"ன்னாரு. சே சே, என்னங்க நீங்க, ஒறம்பரைக்கு அதைப் போடுவமா, இது நாட்டுக்கோழி, எங்க ஊட்டுல பண்ணைக் கோழிய வாயில வெக்கறதே இல்லீங்கன்னேன். மரியாதைக்குத்தான் சொன்னேன். மத்தவங்க குனிஞ்சு சோத்தைப் பிசைஞ்சாங்க. அந்தப் புள்ளை மட்டும் என்னை ஒரு மாதிரியாப் பாத்துச்சு. எதுக்குப் பாத்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கலை.

தப்பு எங்க நடந்துச்சுன்னா, குழந்தைவேலு திங்கற வேகத்துல நடந்துச்சு. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு ஒறவு வெசாரிக்கறாரு. உங்க மச்சினன் எந்த ஊருங்க? அவரு கொழுந்தியாள எங்க குடுத்திருக்குதுங்க? அட, அப்ப நாம ஒரு வகையில மாமன் மச்சினனுங்களாச்சே. மறுபடி ஒரு வாய். ரசத்துக்கு வர்றதுக்குள்ள வெய்யல் உச்சிக்கு ஏறிருச்சு. நம்ம பக்கமெல்லாம் ஒறம்பரை எந்திரிக்காம நாம எந்திரிக்கக் கூடாது, அது உங்களுக்கும் தெரியும்.

அப்பத்தான் எனக்குக் காதுல பட்டுச்சு. என்ன பட்டுச்சுன்னா, ஒண்ணும் படலை. கோழி ஷெட்டுல எந்நேரமும் ஒரு சத்தம் இருக்குமுங்க, மழை தூர்ற மாதிரி. பழகிப் போனா அது காதுல உழுகாது. நின்னாத்தான் உழுகும். நின்னுபோச்சு. உடனே போய்ப் பாக்கோணும். இருந்தாலும் என்ன பண்றது, குழந்தைவேலுக்கு இன்னும் தயிரு ஊத்தலை. இன்னொரு அகப்பை ரசம் ஊத்துன்னு தங்கமணிக்குச் சொன்னேன்.

நவநீதனுக்கும் கேட்டிருக்குது. எலையில சோத்தை அப்படியே உட்டுட்டு எந்திரிச்சான். கை கூடக் கழுவலீங்க. ஓடுனான். சம்பந்தம் பேச வந்தவங்க முன்னாடி, எலையில உக்காந்தவன் எந்திரிச்சு ஓடலாமுங்களா? அங்கயே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இந்தச் சம்பந்தமும் போச்சுன்னு. மானம் கப்பலேறிருச்சு. நான் சமாளிக்கறதுக்குள்ள அந்தப் புள்ளையும் எந்திரிச்சு அவம்பின்னாலயே ஓடுது. பொண்ணு ஓடுனா அப்பா சும்மா உக்காந்திருப்பாரா? அத்தனை பேரும் எச்சக் கையோட ஷெட்டுக்கு ஓடுனோம்.

கதவைத் தொறந்தா அடுப்புக்குள்ள மூஞ்சிய உட்ட மாதிரி இருந்துச்சு. கோழியெல்லாம் வாயத் தொறந்து, கழுத்தை நீட்டி, ஒண்ணு மேல ஒண்ணு கெடக்குது. நவநீதன் ஃபேனைப் போட ஓடுனான். அந்தப் புள்ளைக்குப் படுதாவுக்குக் கயிறு எங்க இருக்குதுன்னு தெரியலை. கையால புடிச்சு ஒரே இழுவை, படுதா டர்ருன்னு கிழிஞ்சு கையோட வந்துருச்சு. அப்பறம் அடுத்தது. குழந்தைவேலு மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டு ஹோஸ் பைப்பைத் தூக்கிட்டாரு. அவரு சம்சாரம் கொடத்துல தண்ணி மோந்து மோந்து ஊத்தறாங்க, பட்டுச் சேலை பூராவும் எருவு. பெரியப்பா கால் வழுக்கிக் கோழிக மேலயே உக்காந்துட்டாரு. அதுக நவுரலை, அவருக்கும் எந்திரிக்க முடியலை. தரகரைத் தேடிப் பாக்கறேன், ரோட்டு மேல நின்னு பஸ்ஸுக்குக் கை காட்டிட்டு இருக்காரு.

நான் சும்மா நிக்கலீங்க. எருவு நனைஞ்சா நாத்தம் எடுத்துக்குமுங்க, பாத்து ஊத்துங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். ஒருத்தர் காதுலயும் ஏறலை. அந்த நேரத்துலயும் வந்தவங்களுக்கு வாடை அடிக்கக் கூடாதேன்னு நெனைச்சவன் நான் ஒருத்தந்தான்.

ஒரு ஷெட்டுல பாதிக்கு மேல போயிருச்சு, இன்னொண்ணுலயும் கொஞ்சம். மிச்சத்தை எப்படியோ புடிச்சு நிறுத்துனாங்க. அந்தப் புள்ளை ஒரு கோழிய மடியில வெச்சுக்கிட்டு, விரல்ல தண்ணி தொட்டுத் தொட்டு அது வாயில உட்டுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அது எப்பவோ செத்துப்போச்சு. நவநீதன் பக்கத்துல போய் நின்னு மெதுவா அதை வாங்கி வெச்சான். எனக்கு அதைப் பாத்ததும் அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. சம்பந்தம் போயிருச்சேன்னுதான்.

போறப்பக் குழந்தைவேலு வேன்ல ஏறி, கால் கழுவுன தண்ணி சொட்டச் சொட்ட உக்காந்துக்கிட்டு, "கலந்துக்கிட்டுச் சொல்றோமுங்க"ன்னாரு. வேன் திரும்பறதுக்குள்ள ஈ வந்துருச்சுங்க. எங்க இருந்துதான் வந்துச்சோ.

நவநீதனை நான் அன்னைக்குப் புடிச்ச புடி இருக்குதே. எலையில எந்திரிச்சவன் குடும்பம் பண்ணுவானாடா? மரியாதை தெரியாத பயலுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்? அவன் பாட்டுக்குக் குழி வெட்டி, செத்ததையெல்லாம் கூடை கூடையாக் கொண்டு போய்ப் பொதைச்சுக்கிட்டு இருந்தான். தங்கமணி எனக்குச் சோறு போடறதை நிறுத்திப்போட்டா. சட்டியில இருக்குது, போட்டுத் தின்னுங்கம்பா.

ஒரு வாரம் கழிச்சுப் போன் வருது. "மாமா, நான் இந்துமதி பேசறேன்." சுத்தி வளைக்காமச் சொல்லிருச்சு, அதுக்கு நவநீதனைக் கட்டிக்கச் சம்மதமாம். எனக்கு நம்பிக்கை வரலை. ஏன் அம்மிணி, எலையில எந்திரிச்சு ஓடுனானே, அவனையா சொல்றேன்னேன்.

"அதுக்குத்தான் மாமா"ன்னு சொல்லுச்சு.

இந்தக் காலத்துப் புள்ளைக மனசு யாருக்கு வெளங்குது. செரி, சாமி கண்ணத் தொறந்துச்சுன்னு நெனைச்சா, ஒரு பேச்சு வெச்சுது. அந்த ஷெட்டு அப்படியே இருந்தா அது வந்து வாழ மாட்டாதாம். கோழியப் பாதிக்குப் பாதி கொறைச்சுப் போடுங்க, சுத்தியும் மரம் வெய்யுங்க, அதுக எந்திரிச்சு நடக்கோணும், றெக்கையடிக்கோணும், அப்படிங்குது. எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. நானா உடுவேன்? ஏன் அம்மிணி, நீங்க பட்டுப்புழுவ உசுரோட கொதிக்கற தண்ணியில போடக் குடுக்கறீங்க, அந்தப் பட்டைக் கட்டிக்கிட்டு வந்து எனக்குப் பாவ புண்ணியம் சொல்றயான்னு கேட்டேன். நல்லாக் கேட்டனுங்களா?

அது மழுப்பலீங்க. "ஆமாங்க மாமா, பாவந்தான். எங்கப்பாகிட்ட அதுக்கு நான் தெனமும் சண்டைதான். ஆனாப் புழுவுக்குக் கூட வளர வளர எடத்தைப் பெருசு பண்ணிக்கிட்டே போவோம் மாமா. நெருக்கி வெச்சா அது கூடே கட்டாது"ன்னுச்சு.

நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன். அதெல்லாம் எம்பட கையில இல்லை அம்மிணி. எத்தனை குஞ்சு எறக்கறதுங்கறது கம்பெனி முடிவு. குஞ்சு அவிங்களுது, தீவனம் அவிங்களுது, மருந்து அவிங்களுது, எப்ப ஏத்தறதுங்கறதும் அவிங்க இஷ்டம்.

"அப்ப உங்களுது என்ன மாமா?"

"செத்தது என்னுது அம்மிணி"ன்னுட்டேன். பட்டுன்னு வாயில வந்துருச்சு. அந்தப் பக்கம் பேச்சே இல்லை. பாருங்க, எத்தனை படிச்சிருந்தாலும் ஞாயமாப் பேசுனா எதிர்ப்பேச்சுப் பேச முடியாது.

நான் அதுக்காகவெல்லாம் ஷெட்டை நிறுத்தலீங்க. அப்படின்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு ஓடுது, அது சுத்தப் பொய்யி. நடந்தது என்னன்னா, சூப்பர்வைசர் வந்தான். தம்பி, அடுத்த தடவை பாதிக் குஞ்சு எறக்கு, போதும்னேன். சிரிச்சான். பாதி லோடுக்கு வண்டி அனுப்பக் கம்பெனிக்குப் பைத்தியமான்னு கேட்டான். அதோட உட்டானா? கத்திரியில படுதாவ எறக்குனது எந்தப் புத்திசாலின்னு எங்கிட்டயே கேக்கறான். என்னமோ நான் வேணும்னு எறக்குன மாதிரி. எனக்கு மானம் மரியாதை இல்லையா? உன்ற குஞ்சே வேண்டாம் போடான்னு தாட்டி உட்டேன். ரோசத்துக்குத்தான் நிறுத்துனது. நீங்க நம்போணும்.

இப்ப ஒரு ஷெட்டைப் பிரிச்சாச்சு. இன்னொண்ணுல நவநீதன் கொஞ்சமா நாட்டுக்கோழி உட்டிருக்கான். சுத்தியும் முருங்கை, அகத்தி நட்டிருக்கான். காத்தால கதவைத் தொறந்து உடறான், அதுக பாட்டுக்குப் போகுது, கெளறுது, மண்ணுல பொரளுது, பொழுதோட அதுகளா வந்து அடைஞ்சுக்குது. நடுவுல எனக்கு என்னங்க வேலை? ஃபேன் போடோணும்னு எந்திரிச்சுப் போவேன், அங்க ஃபேனே இல்லை. இப்படி வேடிக்கை பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதெல்லாம் ஒரு தொழிலா? வருமானமும் முன்னாட்டம் இல்லை. ஆனா ஊட்டுக்குள்ள இப்பக் காப்பி டம்ளரை மூடாமக் குடிக்கலாம், அதைச் சொல்லோணும்.

நாளைக்குக் காத்தால உப்புச்சக்கரை மாத்தறோமுங்க, கோபியில, அவிங்க ஊட்டுல. நிச்சயத்துக்கு எங்க பக்கம் அப்படித்தான் பேரு. தங்கமணியும் நவநீதனும் ஒறம்பரை சனமும் நேத்தே வேன்ல போயிட்டாங்க. என்னையும் ஏறச் சொன்னாங்க. எல்லாரும் போயிட்டா ஷெட்டை யாரு பாக்கறது, நான் நிச்சயத்தன்னைக்கே வர்றேன்னுட்டேன். இன்னைக்குக் காத்தாலதான் இந்துமதி போன் பண்ணி, "மாமா, நீங்க இன்னைக்கே வரோணும், உங்களுக்காகத்தான் எல்லாரும் பாத்துட்டு இருக்கோம்"னு கண்டிசனாச் சொல்லிருச்சு. செரின்னு அப்படியே பஸ் ஏறிட்டேன். கோழிய அடைக்கறதுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரங்கிட்டச் சொன்னேன், அவன், "அதுகளே அடையுமுங்க, நீங்க போங்க"ங்கறான்.

சித்த இருங்க தம்பி, போன் அடிக்குது. தங்கமணிதான்... சொல்லு. குன்னத்தூர் தாண்டிட்டேன். ஆமா, உக்காந்துதான் வர்றேன். ம்... எதுக்கு? எதுக்குடி மாத்து வேட்டி? ... ஓ. ... எடுத்துட்டு வரலையே. ... செரி. செரி, வையி.

ஒண்ணுமில்லீங்க. அந்த அம்மிணி எனக்குன்னு மாடி ரூம்புல கட்டில் போட்டு வெச்சிருக்குதாம். ராத்திரிக்கு மாத்துத் துணி எடுத்துட்டு வந்தீங்களான்னு கேக்கறா. ஷெட்டுப் போட்டதுல இருந்து நான் ஒரு ராத்திரி வெளிய தங்குனதில்லீங்க. மாமியார் கருமாதிக்கே காத்தால போயிட்டுப் பொழுதுக்குள்ள திரும்பிட்டேன். எங்க போனாலும் திரும்பற பஸ்ஸைத்தான் கேட்டு வெச்சுக்குவேன். ஒரு ஊருக்குப் போனாத் தங்கறதுக்குத் துணி எடுத்துட்டுப் போகோணும்ங்கறதே எனக்குத் தோணலை பாருங்க. கையை வீசிட்டு வந்திருக்கறேன்.

ஏனுங்க தம்பி, கோபி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துல வேட்டிக்கடை இருக்குதுங்களா? ஒண்ணு வாங்கோணும். ராத்திரி தங்கப் போறனுங்க.